சேர்ந்துவிட்டது

அந்த ஒரு வரியை அழிக்க அவருக்குக் கை வரவில்லை.

‘இந்த ஃபங்ஷன் வேலை முடிந்து திரும்பினால், செய்தி உரியவரிடம் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.’

கொள்ளக் கூடாது.

அந்த ஃபங்ஷன், செய்தி அனுப்புவதற்கான கட்டளைத் துண்டு, செய்தியை வாங்கி வரிசையில் வைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். செய்தி அதன் பிறகுதான் புறப்படும். போய்ச் சேரலாம். வழியிலேயே நின்றும் போகலாம்.

அவருக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். செய்தி அனுப்பும் அந்த மென்பொருளை உருவாக்கியவரே அவர்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தன் தகப்பனாரின் பெயரை வைத்திருந்தார்.

விளக்கக் குறிப்புகளை எழுதியவள் மகள் நப்பின்னை.

ஆறு வருடங்களுக்கு முன் அவள் சரியாகத்தான் எழுதினாள். ‘திரும்பிவிட்டது என்றால், அனுப்புவதற்கு எடுத்துக்கொண்டது என்று மட்டுமே பொருள். சேர்ந்ததா என்பதைத் தனியே கேட்டு அறியவும்.’

படித்துவிட்டு அவர் முகம் சுளித்தார்.

“பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட நம்ம வீட்டுக் குறைய நாமளே தாம்பாளத்துல வச்சு நீட்டுவோமா?”

அவள் அவர் சொன்னபடி மாற்றி எழுதினாள்.

இன்று மதியம் ஒரு கடிதம் வந்தது. ஏதோ ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கி. அரிதான வகை ரத்தம் கேட்டு இந்த மென்பொருள் வழியே மூன்று பேருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். சேர்ந்ததாகத் திரை காட்டியது. வருவார்கள் என்று காத்திருந்தார்கள். ஒருவருக்கும் செய்தி போகவில்லை.

பிரசவத்துக்கு வந்த பெண். முதல் பிரசவம்.

கடிதத்தில் ஒரு வசவுகூட இல்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசியிருப்பார்.

‘உங்கள் குறிப்பை நம்பினோம் ஐயா.’

அவ்வளவுதான்.

வரியின் ஓரத்தில், எழுதியவர் பெயர் நின்றது. நப்பின்னை. நாளை யார் தோண்டினாலும் அந்தப் பெயர்தான் முதலில் கிடைக்கும்.

பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் மெல்லச் சொன்னாள்.

“திருத்தத்தையும் என் பேர்லயே போட்டுடுறேன்பா. தாத்தா பேரு இருக்கிற எடத்துல உங்களுக்கு எதுக்கு இது.”

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் அன்று எழுதியதை எழுத்து மாறாமல் அடித்தார். திருத்தத்துக்குக் காரணம் கேட்ட கட்டத்தில் எழுதினார்:

‘முன்பு இருந்தது பொய். எழுதச் சொன்னவன் நான்.’

கீழே தன் முழுப்பெயர். தகப்பனார் பெயரோடு.

வெளியிட்டார்.

இனி ஒருவரும் ஏமாற மாட்டார்கள் என்று எண்ணினார். அந்த எண்ணம் பத்து நிமிடம் நின்றது.

கேள்வி வந்தது. இரண்டு தெரு தள்ளி, கடற்கரையில் இருக்கும் மீனவர் சங்கத்திலிருந்து.

‘ஐயா, திருத்தம் பார்த்தோம். புயல் வருகிறது என்று, முப்பத்தெட்டுப் படகுகளை உடனே கரைக்குத் திரும்பச் சொல்லிக் காலையில் செய்தி அனுப்பினோம். எல்லாம் சேர்ந்ததாகக் காட்டுகிறது. சேர்ந்ததா?’

அவர் விரல்கள் விசைப்பலகை மேலேயே இருந்தன.

ஜன்னல் வழியே வந்த காற்றில் மேசைத் தாள்கள் பறந்தன.

நப்பின்னை எழுந்து போய், இரண்டு கைகளாலும் தள்ளி, ஜன்னலைச் சாத்தினாள்.