நாலு மணி நேரந்தான்

ஏனுங்க, பெத்த புள்ளை திருடுதுன்னு கேள்விப்பட்டா, யாருக்குத்தான் கோபம் வராது?

நாகலூர் பஸ் ஸ்டாப்பில் பெட்டிக்கடை வைத்திருக்கும் மாதப்பன் அண்ணன்தான் சொன்னார். மலை இறங்குகிறவர்கள் வாந்தி வராமல் மோந்துகொண்டே போகட்டும் என்று எலுமிச்சம்பழம் வைத்து விற்பவர்.

"ஏம்மா இன்பமேரி, நீ தெனமும் மலை எறங்கறியா?"

"காப்பிப் பழம் பறிக்கிற நேரத்துல நான் எங்கீங்கண்ணா போறது?"

"அப்புறம் எதுக்கு உம் மவ தெனம் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கிட்டு ஓடறா? சின்னப்புள்ளைன்னு நானும் கண்டுக்காம உட்டேன்."

மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் ஷெர்லினைப் பிடித்தேன். ஒண்ணாம் வகுப்பு. என் கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

தேடினேன். கட்டிலுக்கடியில் அவள் அப்பாவின் பழைய எஸ்டேட் பூட்ஸ். இரண்டு காலிலும் எலுமிச்சம்பழம்! பாதிக்கு மேல் காய்ந்து, நெல்லிக்காயாய்ச் சுருங்கிக் கிடந்தது.

"இருடி, உங்கப்பா கூப்பிடட்டும். இன்னைக்கு இருக்குது உனக்கு!"

அவர் கோலாலம்பூரில் ஓட்டல் சமையல்காரர். இவள் பால்வாடிக்குப் போகும்போது கிளம்பிப் போனவர்.

வீடியோவில் கூப்பிட்டார். நான் ஆரம்பிக்கும் முன்னாலேயே, "மேரி, கிறிஸ்துமஸுக்கும் லீவு இல்லைன்னுட்டாங்க" என்றார்.



"ஏனுங்க, சென்னைக்கு ப்ளைட்டுல நாலு மணி நேரந்தானுங்களே! சென்னையில எறங்கி நம்ம ஊட்டுக்கு வரத்தான் அதைவிட நேரமாகும். ஒரு நடை வந்துட்டுப் போகப்படாதா?"

"நேரம் நாலு மணிதான் புள்ள. தூரம் ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டராச்சே!"

எப்போதும் நான் நேரத்தைச் சொல்வேன், அவர் தூரத்தைச் சொல்வார். அதோடு பேச்சு நின்றுவிடும்.

அழுகை வந்துவிடப் போகிறதே என்று பேச்சை மாற்றினேன். "அது கிடக்குது. உங்க மவ லட்சணத்தைப் பாருங்க!" பூட்ஸைத் தூக்கி போனுக்கு நேரே காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏஞ்சாமி, இத்தனை பழம் எதுக்குக் கண்ணு?"

ஷெர்லின் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, ஊருக்குப் போறப்போ அடிவாரம் வரைக்கும் வாந்தி எடுத்துக்கிட்டே போனீங்கல்ல?"

"ஆமா. எனக்குத்தான் மலை வளைவு ஒத்துக்காதே."

"அடிவாரத்துக்கே இருபது வளைவு. நீங்க இருக்கிற ஊரு அதைவிட நொம்ப நொம்பத் தூரமில்ல? எத்தனை வளைவு இருக்கும்! அதுக்குப் பயந்துக்கிட்டுத்தானே நீங்க வர்றதில்ல?"

வானத்தில் வளைவே கிடையாது கண்ணு என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பூட்ஸுக்குள் கையை விட்டு, இருந்ததிலேயே நல்ல பழமாக ஒன்றை எடுத்து, போனில் தெரிந்த அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"பழமெல்லாம் அம்மாகிட்டச் சொல்லி அனுப்பி உடறேன். பயப்படாம மோந்துக்கிட்டே வந்துருங்கப்பா."