நின்ற சூடு

2018 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை. திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையின் விற்பனைப் பெண்கள் ஆடித் தள்ளுபடிக்காகப் பகல் முழுவதும் நின்றார்கள். அவர்களில் ஒருத்தியான ஜெசிந்தா வீட்டுக்கு வந்ததும் கூடத்தின் நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, டப்பில் வெந்நீர் ஊற்றிக் கால்களை உள்ளே விட்டுக்கொண்டாள்.

"சமைக்கலையா?" என்று கேட்டான் கணவன் லூர்து, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தண்ணி ஆறினதும் எந்திரிக்கிறேன்."

விளம்பரம் வந்தபோது அவன் டப்பில் விரலை விட்டுப் பார்த்தான். சுட்டது. அடுத்த விளம்பரத்தில் இன்னும் அதிகமாகச் சுட்டது. ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினான். ஆவி பறந்தது. பிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளை அள்ளி வந்து போட்டான். போட்டவுடனே கரைந்தன.

"இது என்னடி, ஆறவே மாட்டேங்குது?"

"காலையிலருந்து நின்ன சூடுங்க. இறங்க வேணாமா?" ஜெசிந்தா கண்களை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

அவன் அம்மா வந்து விரலை விட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "கொதிக்குதுடா, லூர்து. இது இன்னிக்கு ஆறாது. போய் அரிசியக் களை."

லூர்து அரிசி களைந்தான். சோறு குழைந்துவிட்டது. ஜெசிந்தா உட்கார்ந்த இடத்திலிருந்தே தட்டை நீட்டி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள்.