தீர்ந்துபோன டியூப்

டொர்ர்... டொர்ர்... டக்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான். இருட்டிக் கிடந்த சமையல்கட்டிலிருந்து அந்தச் சத்தம். தறி ஓடும் சத்தமில்லை. தறியை அப்போதே நிறுத்தியாயிற்று. எலியாகவும் இருக்காது. எலிக்கு இத்தனை நிதானம் ஏது?

இடுப்பில் குழந்தை, கையில் டயாபர். பயந்துகொண்டே போய் லைட்டைப் போட்டேன்.

அன்புச்செல்வி அக்கா! என் வீட்டுக்காரரின் அண்ணி. சப்பாத்திக் கட்டையால் ஒரு டியூபை உருட்டு உருட்டென்று உருட்டிக்கொண்டிருந்தாள். டியூப் அப்பளமாகியிருந்தது.

"அக்கா, அது குழந்தை மதிக்கு வச்சிருந்த மருந்து!"

"உம் புருசன் மருந்துடி. தீந்துபோச்சு. கடைசிச் சொட்டு வருதான்னு பாத்துகினு கீறேன்."

"காலையில பாதி இருந்ததே?"

"மொகத்துக்குப் போட்டுக்கினேன். வந்தவாசில கல்யாணம் வருதில்ல? இதப் போட்டா வெளுப்பு வருமாம். எதுத்த வீட்ல சொன்னாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கைக்குழந்தை எரிச்சல்ல துடிக்குது, உங்களுக்கு வெளுப்பு கேக்குதா?"

"கத்தாத, கான்வென்ட்டு! நாளைக்கி டாக்டராண்ட தூக்கினு போ. புதுசா எழுதித் தருவாங்க."

கட்டையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். வெட்கமே இல்லை.

என் வீட்டுக்காரர் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து நெய்கிறவர். ஃபேன் போட்டால் பட்டு இழை காய்ந்து அறுந்துவிடுமென்று போடமாட்டார். ஈரமும் வியர்வையுமாக இடுப்பைச் சுற்றிப் படை வந்து, வீங்கிச் சிவந்துவிட்டது. டாக்டர் தந்த கிரீமில் நாலு நாளில் அரிப்பு நின்றது. அத்தோடு டியூபை அலமாரியில் போட்டுவிட்டார்.

இப்போது மதிவதனிக்கு டயாபர் கட்டுகிற இடமெல்லாம் சிவப்பு. எனக்கு உயிரே போய்விட்டது. தொட்டில் தறிக்குழிக்குப் பக்கத்தில்தானே தொங்குகிறது? அதே படைதான். அப்படியானால் அதே மருந்துதான். சாயங்காலம் குளிப்பாட்டிப் போட்டுவிடுகிறேன் என்று காலையில் அக்காவிடம் சொன்னேன்.

"கொயந்தைக்கா? டாக்டரக் கேட்டியா?" என்றாள்.

"எல்லாம் இங்கிலீஷ்ல போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்க்கா."

தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். இப்போது தீர்த்துக்கட்டியிருக்கிறாள்!

மறுநாள் தோல் டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது படையே இல்லம்மா. ஈர டயாபர் உரசின புண். அடிக்கடி மாத்துங்க, கொஞ்ச நேரம் காத்தாட விடுங்க. இந்தக் களிம்பு போதும். உங்க வீட்டுக்காரர் கிரீமைப் போடலையே?"

"இல்ல மேடம். தீர்ந்துபோச்சு."

"நல்லவேளை. அதுல பூஞ்சை மருந்தோட ஸ்டீராய்டும் இருக்கு. அவருக்கு ரொம்ப வீங்கியிருந்ததால எழுதினேன். அதுவும் மெல்லிசா, சொன்ன இடத்துல, சொன்ன நாளைக்கு மட்டும். குழந்தைக்குத் தடவி மேல டயாபரைக் கட்டினா மருந்து உடம்புக்குள்ள இறங்கிடும். தோல் மெலியும். வளர்ச்சியே கெட்டுப்போகலாம்."

குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டேன். அக்கா வெளுக்க ஆசைப்பட்டதில் என் பெண் பிழைத்தாள்.

"எங்க அக்கா அதை முகத்துல போட்டுக்கிட்டாங்க மேடம். அவங்களுக்கு ஏதாவது..."

"யாரு, நேத்து மத்தியானம் டோக்கன்கூட வாங்காம அந்த டியூபோட ஓடி வந்தாங்களே, அவங்களா? முகத்துல படவே கூடாதுன்னு அவங்ககிட்ட சொன்னேனே. தொட்டிருக்கக்கூட மாட்டாங்க."

"இங்க வந்தாங்களா?"

"'குழந்தைக்குப் போடலாமா'ன்னு கேட்டாங்க. கூடாதுன்னேன். அப்ப உங்ககிட்ட சொல்லிடச் சொன்னா, 'வேணாம் மேடம், அது பயந்த புள்ள. தப்பு பண்ண இருந்தோம்னு தெரிஞ்சா ராவெல்லாம் அழுதுகினு கெடக்கும். நானே தீத்துட்டேன்னு சொல்லிக்கிறேன், என்னைத் திட்டிட்டுப் போவட்டும்'னாங்க. அடடா... உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்களே!"

இவருக்குப் புது டியூப் எழுதித் தந்தார். அரிப்பு நின்றாலும் நடுவில் விடக்கூடாதாம்.

வீட்டுக்கு வந்தேன். அக்கா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இன்னா கான்வென்ட்டு, இன்னா சொன்னாங்க?"

"அக்கா..." அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். புரிந்துவிட்டது.

"அந்த டாக்டரம்மா வாயில ஒண்ணும் நிக்காது போல! சீ, அழுவாதடி. மூக்க சீந்து. பேஜாரு புடிச்ச பொண்ணு... தள்ளு, ஜல்தி குளிக்கணும்."

பாத்ரூமுக்குள் ஓடினாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்கவேயில்லை. தாழ்ப்பாளுக்கு உள்ளேயிருந்து மூக்கைச் சீந்துகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.