கண்ணாடிக் கதவு

புதிய ஆல்பத்தில் டிரம்ஸ் கிடையாது என்று முடிவானது. பதினோரு வருடமாக டிரம்மர் பிரிட்டோவின் அடியில் அதிர்ந்த ராக் குழு, இனி கிட்டாரும் குரலுமாக மெல்லப் பாடப்போகிறது. ஆனால் அவனில்லாமல் மற்றவர்களுக்குத் தாளம் பிடிபடவில்லை. அதனால் ஒலிப்பதிவுக்கூடத்தின் மூலையிலிருந்த கண்ணாடி அறைக்குள் அவனை உட்காரவைத்தார்கள். அவன் வாசிப்பதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே மற்றவர்கள் பதிவு செய்வார்கள். முடிந்ததும் அவன் வாசித்ததை மட்டும் அழித்துவிடுவார்கள். இரைச்சல் விழும் என்று உள்ளே ஏசியும் இல்லை. ஐந்து பாட்டு முடிந்திருந்தது, ஐந்திலும் அவன் இல்லை.

“இன்னும் ஒண்ணுதான் மச்சான், கோச்சுக்காத,” என்றான் பாடகன் நிகிலன். “உன்ன நம்பித்தான் வண்டி ஓடுது.”

“வண்டில எனக்குத்தான் சீட்டு இல்ல,” என்றான் பிரிட்டோ. கண்ணாடிக்கு அப்பால் எல்லோரும் சிரித்தார்கள்.

ஹெட்போனில் ஒலிப்பதிவாளர் சேதுவின் குரல் வந்தது. “கதவ நல்லா சாத்திக்கங்க சார். உங்க சத்தம் நிகிலன் சார் மைக்ல விழுந்துட்டா குரலோடயே ஒட்டிக்கும். அப்புறம் எடுக்கவே முடியாது.”

காற்றுக்காகத் திறந்துவைத்திருந்த கனத்த கதவைப் பிரிட்டோ கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய், நிலையோரம் ஒரு பழைய டிரம் குச்சியைக் கிடத்திவிட்டுக் கதவை இழுத்தான். அது குச்சியில் முட்டி நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது, விரலளவு இடுக்கின் வழியே வெளிக்காற்று வந்து அவன் கணுக்காலைத் தொட்டது.

“சாத்தியாச்சு,” என்றான்.