பெயர் வெளியே வராது

“இந்தக் கையெழுத்து உங்களோடதாம்மா?”

குழந்தைகள் பகல் காப்பகத்தின் அலுவலக மேசையில் நீல நோட்டு விரிந்து கிடந்தது. எதிரே இருந்த குழந்தைகள் நல அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். தூங்கி நாளானவர் போல இருந்தார்.

“என்னோடதுதான் மேடம்” என்றாள் காலை டீச்சர். “ஆனா என் பேரு வெளிய வராதில்ல? அந்த அப்பன்காரன் முரடன். போன வாரம் குழந்தையோட செருப்பைக் காணோம்னு வாசல்லயே ஆயாவை அடிக்கக் கை ஓங்கிட்டான்.”

“வராது. பாத்ததை மட்டும் சொல்லுங்க.”

காலை டீச்சருக்கு அப்போதுதான் மூச்சே சீராக வந்தது. அப்பாடா, ஒருவழியாக ஆள் வந்துவிட்டார்கள். அவளுக்கு முன்னால் உள்ளே போய் வந்த மத்தியான டீச்சர், யார் முகத்தையும் பார்க்காமல் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தாள். தைரியசாலிக்கும் அழுகை வரத்தானே செய்யும் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

“எங்க எல்லாருக்கும் அவ பட்டாணி மேடம். ரெண்டரை வயசு. சட்டை மாத்தும்போது பாத்தேன். இடது கை மேல்பக்கம் நாலு விரல் பதிஞ்சு கன்னிப்போயிருந்தது. ‘யாருடி கண்ணு பண்ணினா’ன்னு கேட்டேன். சட்டுனு வாயைப் பொத்திட்டா. அவ வாயை இல்ல மேடம், என் வாயை.”

அதிகாரி எழுதிக்கொண்டே, “அப்புறம்?” என்றார்.

“நோட்டுல எழுதினேன். இங்க அதான் வழக்கம். பாத்தவங்க எழுதணும், மத்தவங்க படிச்சிட்டுக் கீழ கையெழுத்துப் போடணும். மத்தியான டீச்சரும் காப்பகத்தைப் பாத்துக்கற எங்க பெரியக்காவும் போட்டாங்க. அடுத்த வாரம் முதுகுல பட்டை பட்டையா இருந்ததை மத்தியான டீச்சர் எழுதினாங்க. அதுக்கு நாங்க போட்டோம்.”

“போன்?”

காலை டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

சந்தேகம் வந்தாலே போதும், பார்த்தவர் அன்றைக்கே குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் செய்துவிட வேண்டும். அது சட்டம். பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். உடை மாற்றும் மேசைக்கு மேலே சுவரில் நம்பரும் ஒட்டியிருந்தது. கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: போன் செய்தது யார் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. சொன்னவளுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? அதனால் மூன்று பேரும் கமுக்கமாக இருந்தார்கள். பெரியக்கா கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசினால், சரி, சொல்லிவிட்டாள் என்று காலை டீச்சர் மனசைத் தேற்றிக்கொள்வாள்.

“நான் பண்ணல மேடம். பயந்துட்டேன். எனக்கும் வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு. மத்தியான டீச்சருக்குத் தைரியம் ஜாஸ்தி, அவங்க பண்ணியிருப்பாங்க. இல்லேன்னா பெரியக்கா. யாரோ ஒரு புண்ணியவதி பண்ணப்போய்த்தானே நீங்க வந்திருக்கீங்க. என் வயித்துல பாலை வார்த்தீங்க.”

அதிகாரி பேனாவை மூடினார். “குழந்தை கடைசியா எப்ப வந்தது?”

“முந்தாநாள். நேத்து அவ பையை மாட்டற கொக்கி காலியா இருந்ததைப் பாத்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நீங்க கூட்டிட்டுப் போய்ப் பத்திரமா வெச்சுட்டீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் நேத்துதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.”

சொல்லிவிட்டு எழுந்து போனவள், கை நிறையச் சாமான்களோடு திரும்பி வந்தாள். மாற்று உடை இரண்டு, ஒரு போர்வை, காது நைந்துபோன துணி முயல்.

“இதெல்லாம் பட்டாணியோடது. இந்த முயல் இல்லாம தூங்க மாட்டா. புது இடம் வேற.”

“அதெல்லாம் வேணாம்மா.”

“கனமா என்ன, இருக்கட்டும் மேடம். அப்புறம், அங்க இருக்கிறவங்ககிட்ட சொல்லிடுங்க. தண்ணியை மூடி போட்ட கப்புலதான் குடுக்கணும். ஒரு சொட்டு சிந்தினாக்கூட, நாம எதுவும் சொல்றதுக்கு முன்னாடியே கையால தலையை மறைச்சுக்கும்.”

அதிகாரி முயலை வாங்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவளை உட்காரச் சொன்னார்.

“மத்தியான டீச்சர், உங்க பெரியக்கா, ரெண்டு பேரையும் விசாரிச்சிட்டேன். முதல்ல பாத்தது நீங்கதானே, நீங்க போன் பண்ணியிருப்பீங்கன்னு மத்தியான டீச்சர் நினைச்சாங்களாம். உங்க பெரியக்காவும் அதையேதான் சொல்றாங்க.”

காலை டீச்சர் முயலை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப பட்டாணியை எங்க வெச்சிருக்கீங்க மேடம்?”

“நாங்க கூட்டிட்டுப் போகலைம்மா. பதினேழு நாள்ல இந்த நோட்டுல அஞ்சு குறிப்பு, பதினஞ்சு கையெழுத்து இருக்கு. எங்களுக்கு வந்தது ஒரே ஒரு போன்தான்” என்றார் அதிகாரி. “அதுவும் நேத்து, ஆஸ்பத்திரியிலேருந்து, குழந்தை இறந்த பிறகு.”