ருக்குவுக்கு முடி கொட்டியது

“கைய எடுக்கா! என் தலையில எண்ணெய் வைக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது?”

“கத்தாதேடி. வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க வராங்க. சொட்டைத் தலையோடவா போய் நிப்பே?”

மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். சண்டையைக் கேட்க மெனக்கெட வேண்டியதில்லை. கேட்காமல் இருக்கத்தான் மெனக்கெட வேண்டும்.

நான் அவ்வளவு மெனக்கெடுகிறவள் இல்லை. வெந்தயம் கேட்கிற சாக்கில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பின்பக்கம் போய்விட்டேன்.

விசாலாட்சி அப்போதுதான் தைலம் காய்ச்சி முடித்திருந்தாள். தேங்காய் எண்ணெய்க்கு இந்தத் தீவில் பஞ்சமில்லை. செம்பருத்தி என் வேலியில் என்னைக் கேட்காமல் பறித்தது. கரிசலாங்கண்ணி மட்டும் மெயின்லேண்டிலிருந்து சருகாகக் கப்பலில் வந்தது. எல்லாவற்றையும் அரைத்துப் போட்டு, சடசடப்பு அடங்கும்வரை கிண்டி, துணியில் வடித்து ஆறவைத்திருந்தாள். அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு தங்கை ருக்குவை முற்றம் முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் “பஸ் கரோ, போதும், பஸ் கரோ” என்று இரண்டு பேரையும் பொதுவாக அதட்டிவிட்டு ஆபீஸுக்கு நழுவினார்.

ருக்குவின் பின்னலைக் கோயிலில் பார்த்துத்தான் பத்துபஸ்தியில் இருக்கிற கான்ட்ராக்டர் வீட்டில் பெண் கேட்டார்கள். எங்கள் பெங்காலி மாமிகூட “கித்னா பால்! எவ்வளவு முடி!” என்று வாயைப் பிளந்த பின்னல். இப்போது எலிவாலாகியிருந்தது. சீப்பு வைத்த இடமெல்லாம் கொத்துக் கொத்தாக முடி.

“கொட்டட்டும்க்கா. மொத்தமும் கொட்டட்டும். எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்.”

முடி கொட்டுவதைப் போய் சொத்து மாதிரிப் பேசுகிறாளே, முடியோடு மூளையும் கொட்டுகிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் பாயில் கிடந்த பிள்ளை விழித்துக்கொண்டது. விசாலாட்சி எண்ணெய்க் கையோடு குனிந்தாள். பொக்கை வாயைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தது.

“அட, முகம் பார்க்க ஆரம்பிச்சுட்டானா!” என்றேன்.

பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் பெற்றவளுக்கு முடி கொட்டும். இது யாருக்குத்தான் தெரியாது? எனக்குக் கொட்டிய முடி இன்னும் முளைத்தபாடில்லை.

விசாலாட்சியின் கொண்டையைப் பார்த்தேன். வருஷக்கணக்கில் பிள்ளையில்லாமல் இருந்து, பிரசவத்துக்கென்று மெயின்லேண்ட் போய், பிள்ளையோடு திரும்பியவள். கொண்டை தேங்காய் மாதிரி கெட்டியாக இருந்தது.

பிள்ளை அக்காவைப் பார்த்துச் சிரிக்கிறது. முடி தங்கைக்குக் கொட்டுகிறது.

துணைக்கென்று தங்கையையும் கூட்டிப்போனார்கள். கிளம்பிய அன்றைக்குக் கப்பல்துறையில் ருக்கு வாந்தியாக எடுத்தாள். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கப்பல் அப்போது கயிறுகூட அவிழ்க்கவில்லை.

யார் அந்த ஆள் என்கிறீர்களா? அது மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லாமலா இருந்திருப்போம்?

வெந்தயக் கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

ருக்கு பிள்ளை பக்கத்தில் மண்டி போட்டாள். விரலைச் சொடுக்கினாள். “டேய்... இங்க பாருடா. இங்க.”

அது திரும்பவில்லை. விசாலாட்சியையே பார்த்துக் காலை உதைத்துச் சிரித்தது. விசாலாட்சி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் திருப்பிய பக்கமெல்லாம் அதன் கண்ணும் போனது.

ருக்கு எழுந்துபோய் மணையில் உட்கார்ந்தாள். இருந்த பின்னலை அவிழ்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள்.

“வச்சு விடுக்கா.”

விசாலாட்சி உச்சந்தலையில் எண்ணெயை வைத்துத் தேய்த்தாள். இரண்டு பேரில் அவள்தான் அழுதாள்.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. மாப்பிள்ளை பன்னீர்செல்வம் ருக்குவைப் பத்துபஸ்திக்கு அழைத்துப்போனான். அந்தக் கோடையிலேயே ராஜமாணிக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். விசாலாட்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் கப்பல் ஏறினாள். அப்புறம் அவர்கள் இந்தப் பக்கம் வரவேயில்லை.

மறு வருஷம் ருக்குவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பன்னீர்செல்வத்துக்குத் தலைகால் புரியவில்லை. தட்டு நிறையச் சர்க்கரையோடு மரைன் ஹில் வரைக்கும் வந்து, “எங்க வீட்டுத் தலைச்சன்!” என்று வாசல் வாசலாகக் கொடுத்தான்.

நானும் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, “ஆமாம்ப்பா, தலைச்சன்” என்றேன்.