சூடாக இருந்த முகமூடி

தேவசேனா மாட்டியபோது முகமூடி இன்றும் உள்ளே சூடாக இருந்தது. ஐஸ் ஹாக்கித் தளத்தை ஒட்டிய அறை அது. குடிக்கிற தண்ணீரே பல்லைக் கூசவைக்கும். முகமூடி மட்டும் யாரோ இப்போதுதான் கழற்றி வைத்ததுபோல் இருந்தது. கோல்கீப்பரின் முகமூடியை அணியில் வேறு யாரும் தொடக்கூடாது, தொட்டால் கோல் விழும் என்பார்கள். முந்தின ஆட்டத்தில் நான்கு விழுந்தன. இறுக்கமான முகமூடி வேறு. கழற்றி வெகுநேரமாகியும் தாடையில் பட்டையின் சிவந்த கோடு மறையாது.

யாரென்று யோசிக்கவே வேண்டியதில்லை. மாற்று கோல்கீப்பர் ஜெசிந்தா, உலகக் கோப்பையில் ஒரு ஆட்டமாவது கிடைக்காதா என்று பெஞ்சில் காத்துக் கிடப்பவள்.

"சத்தியமா நான் தொடலக்கா" என்று அழுதாள். அந்த அழுகையே தேவசேனாவுக்குச் சந்தேகமாக இருந்தது. நேராகக் கோச் மேடத்திடம் போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் ஆடிய காலத்தில் நாட்டுக்குப் பெண்கள் அணியே கிடையாது. அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அவளை ஊருக்கு அனுப்பிடலாம்" என்றார்.

அரையிறுதி அன்று ஜெசிந்தாவின் இடம் காலியாக இருந்தது. தேவசேனா நிம்மதியாக முகமூடியை மாட்டினாள். சூடாக இருந்தது.

கதவருகே நின்றிருந்த கோச் மேடம், "மாஸ்க் சரியா இருக்காம்மா?" என்று கேட்டார். அவர் தாடையில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது.